ஓடாத காருக்கு எஞ்சின் ஆயில்: கிலோமீட்டர் கணக்கா, மாதக் கணக்கா?

#1 தாம்பரம்வாசி

வணக்கம். 1.2 லிட்டர் பெட்ரோல் கார், நாலு சிலிண்டர், 2019 மாடல், டர்போ கிடையாது. வாரண்டி முடிஞ்சாச்சு. வருஷத்துக்கு 2000 கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். பெரும்பாலும் கடைக்கு, மருந்துக்கு, ரயில்வே ஸ்டேஷனுக்குன்னு ரெண்டு மூணு கிலோமீட்டர். எப்பவாவது திண்டிவனம், விழுப்புரம் வரை. உள்ளே ஃபுல் சிந்தெடிக் ஆயில், 0டபிள்யூ-20 கிரேடு.

கையேட்டில் "10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அது" என்று இருக்கு. சர்வீஸ் சென்டரில் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மாத்தணும்கிறாங்க. தெரிஞ்ச மெக்கானிக், "ஆயில் கலரே மாறலை, இன்னும் ஒரு வருஷம் தாராளமா ஓட்டுங்க" என்கிறார். மூணு பேர் மூணு கணக்கு சொன்னா எதை எடுத்துக்கிறது?

#2 ஸ்பேனர்17

உங்க காருக்கு என் பதில்: வருஷம் ஒரு தடவை, ஃபில்டரோட. அந்த விழுப்புரம் ஓட்டமும் நின்னு போய் வெறும் ரெண்டு கிலோமீட்டர் ஓட்டம் மட்டும்தான் மிச்சம்னா, ஆறு மாசம். காரணத்தையும் சொல்லிடறேன், அது புரிஞ்சா வேற எந்தக் காருக்கும் நீங்களே கணக்குப் போட்டுக்கலாம்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணி உண்டாகுது. பெட்ரோலில் இருக்கிற ஹைட்ரஜன் காத்தில் இருக்கிற ஆக்ஸிஜனோட சேர்ந்து வர்ற தண்ணி அது. பெரும்பங்கு சைலன்சர் வழியா ஆவியாப் போயிடும். ஆனா எந்த எஞ்சினிலும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் புகை கீழே ஆயில் இருக்கிற கிரேங்க்கேஸுக்குள்ள இறங்கத்தான் செய்யும். எஞ்சின் சூடா இருந்தா அதில் உள்ள ஆவி பிசிவி வால்வு (இந்த ஆவியை வெளியேத்தற சின்ன வால்வு) வழியாத் திரும்ப இன்டேக்குக்குப் போய் எரிஞ்சிடும். எஞ்சின் இன்னும் சூடாகலைன்னா, உள்சுவரில் தண்ணியாப் படிஞ்சு ஆயிலோட கலக்கும்.

கூடவே பெட்ரோலும் வரும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போது ஈசியூ (எஞ்சினோட கணினி) பெட்ரோலைக் கூட்டித்தான் தெளிக்கும். எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயிலைக் கழுவிக்கிட்டுக் கீழே இறங்கும். புகையில் வர்ற நைட்ரஜன் ஆக்சைடு தண்ணியோட சேர்ந்து அமிலமாகும். ஆக, தண்ணி, பெட்ரோல், அமிலம் மூணும் ஆயிலில் சேருது. இதில் எதுவும் கிலோமீட்டரைப் பொறுத்து ஏறுவதில்லை. எத்தனை தடவை குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் பண்ணினோம், அதில் எத்தனை தடவை ஆயில் முழுசா சூடாகும் முன்னாடியே நிறுத்தினோம் என்பதைப் பொறுத்து ஏறும்.

டெம்பரேச்சர் முள் நடுவில் வந்ததும் எஞ்சின் சூடாயிடுச்சுன்னு நினைப்போம். அது கூலன்ட்டோட சூடு. ஆயில் அந்தச் சூட்டுக்கு வர அதைப்போல ரெண்டு மடங்கு நேரமாவது ஆகும். வந்தாலும், சேர்ந்த தண்ணியும் பெட்ரோலும் வெளியேற 90 முதல் 100 டிகிரியில் ஒரு 15–20 நிமிஷம் நிக்கணும். மூணு கிலோமீட்டரில் அது நடக்கவே நடக்காது. உங்க விழுப்புரம் ஓட்டம்தான் உங்க ஆயிலைக் காப்பாத்திக்கிட்டு இருக்கு.

கலரைப் பத்தி ஒரு வார்த்தை. பெட்ரோல் எஞ்சினில் ஆயில் கறுப்பாகறது சூட்டாலும் கரியாலும். குறைவா ஓடற காரில் ரெண்டும் குறைவு, அதனால ஆயில் பார்க்கப் புதுசாவே இருக்கும். தண்ணியும் அமிலமும் கண்ணுக்குத் தெரியாது. மெக்கானிக் பொய் சொல்லலை, ஆனா கலர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது.

#3 கண்மணி_கே

இதையொட்டி ஒரு சந்தேகம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெற்றோர் வீட்டில் நிற்கும் கார்கள் எங்கள் குடியிருப்பில் நிறைய. வாரம் ஒருநாள் வாட்ச்மேனிடம் சாவி கொடுத்து, நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறார்கள். பேட்டரிக்கும் எஞ்சினுக்கும் நல்லது என்று எல்லோருமே சொல்கிறார்கள். உண்மையா?

#4 பழைய பிஸ்டன்

கண்மணி அம்மா, அந்தப் பழக்கத்தை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். நிற்கும் காருக்கு அதைவிடப் பெரிய கெடுதல் இல்லை.

நின்ற இடத்தில் ஐடிலில் ஓடும் சிறிய பெட்ரோல் எஞ்சின் மணிக்கு ஏறக்குறைய 0.6 முதல் 1 லிட்டர் வரை எரிக்கும். பத்து நிமிடத்துக்கு 100 முதல் 170 மில்லி வரை. அதே அளவுக்குத் தண்ணீரும் உண்டாகும். எஞ்சின் மேல் சுமை இல்லாததால் ஆயில் சூடாவதே இல்லை. கூலன்ட் முள் மட்டும் நகரும். ஆக, தண்ணீரையும் பெட்ரோலையும் ஆயிலில் சேர்த்துவிட்டு, அவற்றை வெளியேற்றும் சூடு வருவதற்குள் நிறுத்திவிடுகிறோம். வாரம் ஒருமுறை வீதம் ஒரு வருடத்தில் 52 முறை. சைலன்சருக்குள்ளும் தண்ணீர் தேங்கி, உள்ளிருந்தே துரு அரிக்கும்.

பேட்டரிக்கும் நல்லதில்லை. ஒரு வாரம் நின்றதில் பேட்டரி இழந்த சக்தியை ஐடில் வேகத்தில் ஆல்டர்னேட்டர் முழுவதும் திருப்பிக் கொடுப்பதற்கு முன் வண்டி அணைக்கப்படுகிறது. ஏசியும் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஓட்ட ஆள் இருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 30–40 நிமிடம், நடுவில் நிறுத்தாமல், 60–80 வேகத்தில் போகக்கூடிய சாலையில் ஓட்டச் சொல்லுங்கள். சென்னை என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலை, கோவை என்றால் பொள்ளாச்சி சாலை. டயர், பிரேக், பேட்டரி, ஏசி கம்ப்ரசரின் சீல் எல்லாவற்றுக்கும் அதுவே மருந்து. ஓட்ட ஆள் இல்லையென்றால் ஸ்டார்ட்டே செய்ய வேண்டாம். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியைத் தூங்க விடுவது மேல்.

#5 நெடுஞ்சாலைப் பறவை

சொல்லப்படும் காரணங்களை மறுக்கவில்லை. ஆனால் வருடம் ஒருமுறை என்பதே கூடுதல் என்று நினைக்கிறேன். ஐரோப்பாவில் ஃபோக்ஸ்வேகன் தனது 504 00 தர ஆயிலுக்கு லாங்லைஃப் முறையில் இரண்டு வருடம் அல்லது 30,000 கிலோமீட்டர் வரை அனுமதிக்கிறது. அங்கே குளிர் நம்மைவிடப் பல மடங்கு. அந்தக் குளிரில் இரண்டு வருடம் தாங்கும் ஆயில், 35 டிகிரி சென்னையில் 2000 கிலோமீட்டரில் கெட்டுப்போகும் என்றால் நம்ப முடியவில்லை. நல்ல ஆயிலை வருடாவருடம் கீழே ஊற்றுவது சுற்றுச்சூழலுக்கும் கேடு.

#6 ஆய்வகத் துளி

நல்ல கேள்வி, எண்களோடு பேசலாம்.

அந்த "இரண்டு வருடம்" ஒரு மேல் எல்லை. லாங்லைஃப் முறையில் வண்டியின் கணினி ஆயில் சூடு, ஓட்டத்தின் நீளம், குளிர் ஸ்டார்ட் எல்லாவற்றையும் கணக்கில் வைத்து, தேவைப்பட்டால் முன்கூட்டியே சர்வீஸ் விளக்கைப் போடும். குட்டி ஓட்டக் காரில் அது இரண்டு வருடத்துக்கு வெகு முன்பே எரியும். அப்படிக் கணக்குப் பார்க்காத நிலையான முறையில் அதே நிறுவனம் சொல்வது வருடம் ஒருமுறைதான். ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் உள்ள ஆயில் லைஃப் மானிட்டரும் எஞ்சின் சுற்றுகளையும் சூட்டையும் எண்ணுகிறது. அப்படி எண்ணியும், சதவீதம் எவ்வளவு மீதி இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள் என்றே கையேட்டில் எழுதியிருக்கிறார்கள்.

ஆயிலின் ஆயுளை மூன்று அளவுகளில் பார்க்கலாம்.

முதலாவது டிபிஎன், அதாவது அமிலத்தை முறிக்கக் கையிருப்பில் உள்ள காரத்தின் அளவு. புதிய பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் இது பெரும்பாலும் 7 முதல் 9 வரை இருக்கும். அமிலம் சேரச் சேர இது இறங்கும், டிஏஎன் எனும் அமில அளவு ஏறும். இரண்டும் சந்திக்கும் இடம் வந்துவிட்டால் ஆயில் முடிந்தது. அதற்கு மேல் அமிலம் பேரிங்கையும் கேம்ஷாஃப்டையும் தின்னும்.

இரண்டாவது பிசுபிசுப்பு. 0டபிள்யூ-20 என்றால் 100 டிகிரியில் 6.9க்குக் குறையாமலும் 9.3ஐத் தொடாமலும் சென்டிஸ்டோக்ஸ் (பிசுபிசுப்பின் அலகு) இருக்க வேண்டும். ஏற்கெனவே மெல்லிய ஆயில். இதில் சில சதவீதம் பெட்ரோல் கலந்தாலே 6.9க்குக் கீழே போய்விடக்கூடும். பழைய 20டபிள்யூ-50 போல இடம் கொடுக்காது. 5 சதவீதத்தைத் தாண்டினால் தேதி பார்க்காமல் மாற்ற வேண்டும். பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் தெளிக்கும் டர்போ எஞ்சின்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும், ஏனென்றால் பெட்ரோல் நேராக சிலிண்டர் சுவரில் அடிக்கிறது.

மூன்றாவது தண்ணீர். 0.2 சதவீதம் என்றாலே கவலைப்பட வேண்டிய அளவு.

நெடுஞ்சாலைப் பறவை சொல்வதில் எனக்கு உடன்பாடான இடமும் உண்டு. நம் ஊரில் எஞ்சின் 28–30 டிகிரியிலிருந்து சூடாகத் தொடங்குகிறது, பூஜ்யத்திலிருந்து இல்லை. ஏப்ரல் 2020 முதல் பிஎஸ்6 பெட்ரோலில் கந்தகம் 10 பிபிஎம்தான். அதற்கு முன் பிஎஸ்4ல் 50. கந்தக அமிலத் தொல்லை பெருமளவு குறைந்துவிட்டது. அதனால்தான் நெடுந்தூரம் மட்டுமே ஓடும் காருக்கு, வாரண்டி முடிந்த பிறகு, 15–18 மாதம் வரை நீட்டினாலும் நான் ஆட்சேபிக்க மாட்டேன். குட்டி ஓட்டக் காருக்கு அந்தச் சலுகை கிடையாது.

#7 நெடுஞ்சாலைப் பறவை

ஏற்கிறேன். என் வாதம் நீண்ட ஓட்டக் கார்களுக்கு மட்டும் என்று திருத்திக்கொள்ளலாம். பரிசோதனைக்கூடம் போகாமல் வீட்டிலேயே தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க முடியுமா?

#8 ஆய்வகத் துளி

முடியும், இரண்டு சோதனைகள்.

பொரிவுச் சோதனை: தடித்த பழைய இரும்புத் தட்டை எடுத்து, தண்ணீர்த் துளி விட்டால் உடனே சீறிக் கொதித்து ஆவியாகும் அளவுக்குச் சூடாக்குங்கள். 130–160 டிகிரி இருக்கும். டிப்ஸ்டிக் நுனியிலிருந்து ஒரே ஒரு துளி ஆயில். அமைதியாகப் பரவினால் நல்லது. பொரிந்து சடசடவென்று வெடித்தால் ஏறக்குறைய 0.1 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் இருக்கிறது. கண்ணாடி கட்டாயம் அணியுங்கள், திறந்த வெளியில் செய்யுங்கள், துளியை மீறி ஊற்றாதீர்கள்.

காகிதச் சோதனை: வடிதாளில் ஒரு துளி விட்டு, ஒரு நாள் படுக்கையாக வையுங்கள். நடுவிலிருந்து வெளியே சீராக வெளுத்துக்கொண்டே போனால் ஆயிலில் உள்ள டிடர்ஜென்ட் இன்னும் கரியைச் சுமக்கிறது. நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு, சுற்றிலும் கூர்மையான விளிம்பு என்றால் அது தோற்றுவிட்டது. வெளிவட்டம் மிகவும் அகலமாக, வெளிறி இருந்தால் எரிபொருள் கலப்பு.

இவை வெறும் எச்சரிக்கை மணிகள். அமிலத்தை இரண்டுமே காட்டாது.

#9 ஊட்டி ரோடு

மலையில இருக்கிற எங்களுக்கு இன்னொரு அடையாளம் இருக்குங்க. ஆயில் ஊத்துற மூடியைத் திறந்தா உள்பக்கம் காபிக் கலர்ல, வெண்ணெய் மாதிரி ஒரு படிவு ஒட்டியிருக்கும். டிசம்பர், ஜனவரியில குன்னூர், ஊட்டிப் பக்கம் குட்டி ஓட்டக் கார்ல இது ரொம்ப சகஜமுங்க. இதைப் பார்த்ததும் ஹெட் கேஸ்கட் போச்சுன்னு எஞ்சினைப் பிரிச்சுப் போட்டுடறாங்க. வேண்டாமுங்க. முதல்ல இதைப் பாருங்க:

மூடியில மட்டும் படிவு, டிப்ஸ்டிக்ல ஆயில் சுத்தமா இருக்கு, கூலன்ட் மட்டம் குறையலை. அப்படின்னா அது படிஞ்ச ஈரம்தான். துடைச்சுட்டு மேட்டுப்பாளையம் வரைக்கும் ஒரு ஓட்டம் இறங்கி ஏறி வந்தா போயிடும். இறங்கும்போது எஞ்சின் பிரேக்குல வர்றதால ஆயில் அவ்வளவா சூடாகாது, ஏறும்போதுதான் வேலை நடக்கும்.

டிப்ஸ்டிக்லயே ஆயில் பால் கலந்த மாதிரி, மட்டமும் ஏறியிருக்கு, கூலன்ட் டேங்க்கும் இறங்குதுன்னா, ஸ்டார்ட் பண்ணாம டோ பண்ணிக் கொண்டு போங்க. அது கேஸ்கட்டோ ஆயில் கூலரோதான்.

மூடியில அந்தப் படிவு அடிக்கடி வந்துச்சுன்னா பிசிவி வால்வைக் கழட்டி ஆட்டிப் பாருங்க. உள்ளே டிக்டிக்னு சத்தம் வரணும். அடைச்சிருந்தா ஈரம் வெளியே போக வழியே இல்லாமப் போயிடும். ரொம்பச் சின்ன பார்ட்டுங்க, ஆனா யாரும் கண்டுக்கறதில்லை.

#10 தாம்பரம்வாசி

பயனுள்ள தகவல். என் மூடி சுத்தமா இருக்கு. அண்ணன் வீட்டில் பிஎஸ்6 டீசல் எஸ்யூவி, அதுவும் இதே மாதிரி ஓடாமத்தான் நிக்குது. அதுக்கும் இதே கணக்கா?

#11 டீசல்காரன்

இல்லை. டீசலுக்குக் கணக்கு கடுமை. பிஎஸ்6 டீசலில் சைலன்சர் பாதையில் டிபிஎஃப் எனும் கரி வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரியை எரிக்க அவ்வப்போது ரீஜெனரேஷன் எனும் சுத்திகரிப்பு நடக்கும். அதற்குப் புகை 600 டிகிரி வரை சூடாக வேண்டும், அதற்காக எஞ்சின் கூடுதலாக டீசலைத் தெளிக்கும். பல எஞ்சின்களில் அது சிலிண்டருக்குள்ளேயே, பிஸ்டன் கீழே இறங்கும் நேரத்தில் தெளிக்கப்படுகிறது. ஒரு பங்கு சுவரில் வழிந்து ஆயிலுக்குள் போகும்.

ஒரு ரீஜெனரேஷன் முடிய 15–20 நிமிடம் தொடர்ந்து ஓட வேண்டும். கடைக்குப் போய் வரும் வண்டியில் அது பாதியில் அறுபடும், அடுத்த ஓட்டத்தில் மறுபடி தொடங்கும், மறுபடி அறுபடும். ஒவ்வொரு தடவையும் ஆயிலில் டீசல். இங்கேதான் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் பெரிய வித்தியாசம்: பெட்ரோல் ஆவியாகிவிடும், டீசல் கொதிக்கத் தொடங்குவதே 180 டிகிரியைச் சுற்றி. ஆயில் அந்தச் சூட்டுக்குப் போகாது. சேர்ந்த டீசல் சேர்ந்ததுதான், விழுப்புரம் போனாலும் வெளியேறாது.

ஆகவே அண்ணனிடம் சொல்லுங்கள்: மாதம் ஒருமுறை டிப்ஸ்டிக். மட்டம் குறைகிறதா என்று பார்ப்பது நம் வழக்கம், இங்கே ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டினால் ஆயிலை உடனே மாற்ற வேண்டும். விட்டுவிட்டால் அந்தக் கலவையை எஞ்சின் இன்டேக் வழியாக உறிஞ்சி, சாவியை அணைத்தாலும் நிற்காமல் தானாகவே ஓடும் நிலை வரக்கூடும். மாற்றும் ஆயில் லோ சாப்ஸ் (எரிந்தால் சாம்பல் குறைவாக விடும்) வகையாக, கையேட்டில் சொன்ன ஏசிஇஏ சி2 அல்லது சி3 தரமாக இருக்க வேண்டும். சாதாரண டீசல் ஆயிலின் சாம்பல் டிபிஎஃபை நிரந்தரமாக அடைத்துவிடும். சாம்பல் எரிந்து போகாது.

வருடம் 2000 கிலோமீட்டர் ஓடும் வீட்டுக்கு டீசல் கார் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. வாங்கியாயிற்று என்றால் மாதம் இருமுறை அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுங்கள்.

#12 மஞ்சள் போர்டு

சிஎன்ஜி கிட் போட்ட கார்? இ20 பெட்ரோல்?

#13 ஸ்பேனர்17

சிஎன்ஜியில் தண்ணி இன்னும் கூடுதல். ஒரு கிலோ மீத்தேன் எரிஞ்சா 2.25 கிலோ தண்ணி. ஆனா எரிபொருள் ஆயிலில் கலக்கிற பிரச்சினை கிடையாது, அது வாயு. கம்பெனி ஃபிட்டட் கார்கள் பல பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, கொஞ்சம் சூடான பிறகுதான் கேஸுக்கு மாறும். ரெண்டு கிலோமீட்டர் ஓட்டத்தில் அது பெட்ரோல் கார் மாதிரியேதான் நடந்துக்கும். அதே கணக்கு வெச்சுக்கோங்க.

இ20: எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும், ஆயில் சூடானா சுலபமாப் போயிடும். சூடாகலைன்னா தங்கும், தண்ணியையும் சேர்த்துப் பிடிச்சுக்கிட்டு ஆயிலோட குழம்பாகும். குட்டி ஓட்டக் காருக்கு ஆறு மாசக் கணக்கைச் சொல்ல இதுவும் ஒரு காரணம். ஆயில் டப்பாவில் ஏபிஐ எஸ்பி அல்லது 2025ல் வந்த எஸ்க்யூ தரம் இருக்கான்னு பார்த்து வாங்குங்க.

#14 கண்மணி_கே

ஆறு மாதமோ ஒரு வருடமோ வண்டியை எடுக்கவே போவதில்லை என்றால், ஆயிலை நிறுத்துவதற்கு முன் மாற்றுவதா, திரும்ப எடுக்கும்போது மாற்றுவதா?

#15 பழைய பிஸ்டன்

நிறுத்துவதற்கு முன். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். "எப்படியும் வந்ததும் மாற்றத்தானே போகிறோம்" என்று பழைய ஆயிலோடே விட்டுவிடுகிறார்கள். அந்த ஆயிலில் உள்ள அமிலமும் ஈரமும் பேரிங் மேலேயே உட்கார்ந்து மாதக்கணக்கில் வேலை செய்யும். புதிய ஆயில் போட்டு, அரை மணி நேரம் ஓட்டிச் சுற்றவிட்டு, பிறகு நிறுத்தினால் எல்லா பாகங்களின் மேலும் காரச்சத்து நிறைந்த படலம் இருக்கும். பெட்ரோல் டேங்க்கை நிரப்பி வையுங்கள், காலி இடத்தில் ஈரம் படியும்.

அப்படி நிறுத்திய வண்டியை எட்டு, பத்து மாதத்தில் எடுத்தால் ஆயிலை மாற்ற வேண்டியதில்லை. அதிலிருந்து ஓட்டத்துக்கேற்பக் கணக்கைத் தொடங்கலாம். ஒரு வருடத்தைத் தாண்டி நின்றிருந்தால் எடுத்ததும் மாற்றிவிடுவதே நிம்மதி. கடற்கரைப் பகுதியில் நின்ற வண்டிக்கு இது இன்னும் பொருந்தும்.

நீண்ட நாள் நின்ற வண்டியை எடுக்கும் முறை தனி. எடுத்ததும் சாவியைத் திருப்பாதீர்கள். முதலில் பானட்டைத் திறந்து எலி வயரைக் கடித்திருக்கிறதா, ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் கூடு இருக்கிறதா பாருங்கள். டிப்ஸ்டிக், கூலன்ட், பிரேக் ஆயில் மட்டம். சார்ஜ் ஏற்றிய பேட்டரி. அதன் பின் அடியில் ட்ரெயின் போல்ட்டை, வண்டி குளிர்ந்திருக்கும்போதே, மெதுவாக இளக்குங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது, மாதக்கணக்கில் நின்றதில் அடியில் தங்கியிருக்கும், முதலில் சொட்டுவது அதுதான். சுத்தமான ஆயிலே வந்தால் போல்ட்டை இறுக்கிவிடலாம். தண்ணீர் வந்தால் முழுவதையும் இறக்கிவிட்டுப் புதிது ஊற்றியபின் ஸ்டார்ட் செய்யுங்கள். எப்போதும் சூடாக்கி இறக்கச் சொல்வோம், இந்த ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் குளிரில் இறக்குவது சரி. அந்தத் தண்ணீரை எஞ்சின் முழுக்கச் சுற்றவிட வேண்டாம்.

அடுத்து ஆயில் பிரஷர். ஃபில்டருக்குள் ஆயில் திரும்ப வழியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு ஒன்று இருக்கிறது. எத்தனை நல்ல வால்வும் வருடக்கணக்கில் தாங்காது, ஃபில்டர் காலியாகியிருக்கும். ஃப்யூவல் பம்ப் ஃப்யூஸைக் கழற்றிவிட்டு, ஐந்து வினாடி கிரேங்க், பத்து வினாடி ஓய்வு என்று மூன்று நான்கு முறை சுற்றுங்கள். பிறகு ஃப்யூஸைப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டு வருடத்துக்கு மேல் நின்றதென்றால் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்கு 5 மில்லி வீதம் எஞ்சின் ஆயில் விட்டு, கையால் கிரேங்க்கை இரண்டு சுற்று சுற்றியபின் இதைச் செய்யுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள். ஆயில் விளக்கு சில வினாடிகளில் அணைய வேண்டும், அணையவில்லையென்றால் நிறுத்துங்கள்.

#16 தாம்பரம்வாசி

இதை நானே வீட்டில் மாத்தலாம்னு தோணுது. என்னென்ன வேணும், எங்கே தப்பு நடக்கும்?

#17 ஸ்பேனர்17

ஆயில் (உங்க எஞ்சினுக்கு ஃபில்டரோட 3 லிட்டரைச் சுத்தி வரும், சரியான அளவு கையேட்டில்), ஃபில்டர், ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர், ரிங் ஸ்பேனர், ஃபில்டர் ரெஞ்ச், 5 லிட்டர் தாங்கற தட்டு, டார்க் ரெஞ்ச். ஜாக்கி மட்டும் வெச்சு அடியில போகவே கூடாது. ஸ்டாண்ட் ரெண்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை, ஹேண்ட் பிரேக். இதில் சமாதானமே கிடையாது.

பத்து நிமிஷம் ஓட்டிட்டு வந்து நிறுத்துங்க. மேலே ஆயில் மூடியைத் திறந்து வைங்க, காத்து போனாத்தான் சீரா இறங்கும். போல்ட்டைக் கழட்டி 15 நிமிஷம் விடுங்க. வாஷரை மாத்தி, கையால் நாலு மரை ஏறின பிறகே ஸ்பேனர். பெரும்பாலான சின்ன கார்களுக்கு 30–40 நியூட்டன் மீட்டர். அலுமினிய சம்ப்பில் (அடியில் இருக்கிற ஆயில் தொட்டி) பலத்தைக் காட்டினா மரை போயிடும், அப்புறம் சம்ப்பையே மாத்தணும்.

ஃபில்டரைக் கழட்டினதும் பழைய ரப்பர் வளையம் அதோட வந்திருக்கான்னு பாருங்க. எஞ்சினிலேயே ஒட்டிக்கிட்டு நின்னு, அதுமேல புதுசைப் போட்டுட்டா, ஸ்டார்ட் பண்ணின கொஞ்ச நேரத்தில் மொத்த ஆயிலும் தரையில். புது வளையத்தில் விரலால் ஆயில் தடவி, தொட்ட பிறகு முக்கால் சுத்து, கையாலேயே.

ஊத்தும்போது கையேட்டு அளவைவிட 300 மில்லி குறைச்சு ஊத்துங்க. ஒரு நிமிஷம் ஐடில், அணைச்சு, சமதளத்தில் 5 நிமிஷம் பொறுத்து டிப்ஸ்டிக். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வரை. ரெண்டு கோட்டுக்கும் நடுவில் பொதுவா ஒரு லிட்டர் அளவுதான். மேல் கோட்டைத் தாண்டினா கிரேங்க் ஆயிலை அடிச்சு நுரையாக்கும், நுரைக்கு பிரஷர் வராது.

தேதி, கிலோமீட்டர் ரெண்டையும் ஒரு அட்டையில் எழுதி பானட் உள்ளே கட்டிடுங்க. வாரண்டியில் இருக்கிற காரா இருந்தா இதையெல்லாம் செய்யாம, கையேட்டில் சொன்ன மாசத்துக்குள்ள சர்வீஸ் சென்டரில் மாத்தி பில்லைப் பத்திரப்படுத்துங்க. கிலோமீட்டர் ஓடலைங்கிறது க்ளெய்ம் நேரத்தில் எடுபடாது.

#18 மஞ்சள் போர்டு

கூடவே எஞ்சின் ஃப்ளஷ் (உள்ளே கசடைக் கழுவற திரவம்) போடச் சொல்றாங்களே, போடலாமா?

#19 டீசல்காரன்

வேண்டாம். பல வருடம் குட்டி ஓட்டத்திலேயே இருந்து, மாற்றாமல் விட்ட எஞ்சினில் கசடு சுவரோடு ஒட்டியிருக்கும். ஃப்ளஷ் அதைக் கட்டியாகப் பெயர்த்தால் சம்ப்பில் உள்ள ஸ்ட்ரெய்னரை அடைக்கும். ஸ்ட்ரெய்னர் அடைத்தால் மேலே கேம்ஷாஃப்டுக்கு ஆயில் ஏறாது. அதற்குப் பதில் நல்ல ஆயில் ஊற்றி 1000–1500 கிலோமீட்டரிலோ மூன்று மாதத்திலோ ஃபில்டரோடு மாற்றுங்கள், இரண்டு தடவை. டிடர்ஜென்ட் மெதுவாகக் கரைத்து இறக்கும்.

#20 தாம்பரம்வாசி

நன்றி எல்லாருக்கும். ஜூனில் ஒரு தடவை, ஃபில்டரோட, அதோட மாசம் ரெண்டு தடவை ஈசிஆரில் ஒரு நீள ஓட்டம்னு வெச்சுக்கறேன். கடைசியா ரெண்டு: 3.5 லிட்டர் டப்பா வாங்கினா அரை லிட்டர் மிஞ்சும், அடுத்த வருஷம் பயன்படுத்தலாமா? கழிவு ஆயிலை என்ன பண்றது?

#21 ஆய்வகத் துளி

சீல் உடைக்காத டப்பா ஐந்து வருடம் வரை தாங்கும் என்பது பல தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு. உடைத்ததை மூடி இறுக்கி, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் நிமிர்த்தி வைத்தால் அடுத்த வருடம் வரை டாப் அப் செய்யத் தாராளமாக உதவும். அதே தரம், அதே கிரேடு என்றால் அடுத்த மாற்றத்தில் சேர்த்தும் ஊற்றலாம். அடியில் படிவோ கலங்கலோ தெரிந்தால் வேண்டாம்.

கழிவு ஆயில் அபாயக் கழிவு விதிகளுக்குள் வருவது. சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள், கதவுக் கீலுக்கும் மரத்துக்கும் பூசவும் வேண்டாம், தோலுக்குக் கெடுதல். புது ஆயில் வந்த டப்பாவிலேயே ஊற்றி, பழைய ஃபில்டரை ஒரு நாள் கவிழ்த்து வடியவிட்டு, இரண்டையும் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்கு டிரம்மில் சேர்த்து அனுப்புகிறவர்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள். கூலன்டையோ பெட்ரோலையோ அதில் கலந்துவிடாதீர்கள், கலந்ததை அவர்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.